ஒரு குறையும் சொல்லாத வேட்பாளர்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தபோது நாகரிகத்தில் ஒரு படி ஏறியது. சக்கரத்தைக் கண்டுபிடித்தபோது இன்னொரு படி. மூன்றாவது படியில் ஏறியவர், ஈக்குவடார் கடற்கரையில் சான் பாஸ்குவால் என்ற ஊரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த எதோரோ மொரெய்ரா. எதிராளியைப் பற்றி ஒரு குறையும் சொல்லாமல் மேயர் தேர்தலில் நின்றவர் அவர்.

தேர்தலில் நிற்க அவருக்கு இருந்த காரணம் ஒன்றே ஒன்று. ஊரில் எல்லா வீட்டிலும் குழாய் இருந்தது, எந்தக் குழாயிலும் தண்ணீர் இல்லை. போன தேர்தலில் தண்ணீர் தருவதாகச் சொல்லி ஜெயித்த மேயர் செதெஞ்யோ, அதையே மறுபடி சொல்லி மறுபடி நின்றார். ஊர் டேங்கர் லாரியை நம்பிக் குளித்தது.

தலைநகர் கீட்டோவிலிருந்து பிரசார நிபுணர் டாக்டர் ரெனான் ஏகாஸ் வரவழைக்கப்பட்டார். கடற்கரை வெயிலிலும் கோட்டைக் கழற்றாத கொள்கைவாதி.

"தண்ணி வரலைன்னு பேசப்போறேன் டாக்டர்."

"'வரலை'. எதிர்மறைச் சொல். வாக்காளர் மனசு அப்படியே சுருங்கிடும்."

"வரலியே. வேற எப்படிச் சொல்றது?"

"'நம் குழாய்கள் காத்திருக்கின்றன.' எவ்வளவு நம்பிக்கை இருக்கு பாருங்க அதுல."

எதோரோவுக்கு உடம்பு சிலிர்த்தது. மறுநாளே மீன் சந்தையில், நம் குழாய்கள் காத்திருக்கின்றன என்றார். வறண்ட காற்று மூட்டுவலிக்கு நல்லது என்பதையும் சேர்த்துக்கொண்டார்.

"அப்போ மீனை ஊதி ஊதிக் கழுவவா ஐயா?" என்றாள் ஒரு மீன்காரி. கூட்டம் சிரித்தது. 'மகிழ்ச்சியான பங்கேற்பு' என்று டாக்டர் குறித்துக்கொண்டார்.

டிசம்பர் வந்தது. வருஷக் கடைசி நாளில் அந்த ஊர் ஜனங்கள், அந்த வருஷம் தங்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டவர்களைப் பொம்மையாகச் செய்து, வைக்கோலும் பட்டாசும் திணித்து, கழுத்தில் குற்ற அட்டை மாட்டித் தெருவில் நிறுத்துவார்கள். நள்ளிரவில் கொளுத்துவார்கள். எந்தத் தெருவில் திரும்பினாலும் மேயர் பொம்மை, கையில் காலி வாளியோடு நின்றது. எதோரோவின் பொம்மை எங்குமே இல்லை.

"அபாரம். உங்க மேல வெறுப்பு பூஜ்யம்" என்றார் டாக்டர்.

"எரிக்கணும்னுகூட உன்னை ஒருத்தருக்கும் ஞாபகம் வரலை எதோரோ" என்றாள் மனைவி நார்சிசா.

அது தைத்துவிட்டது. தன் பொம்மையைத் தானே செய்துகொள்வதென்று எதோரோ தீர்மானித்தார். அட்டையில் எழுத ஒரு குற்றம் வேண்டுமே? வேட்பாளர், மனைவி, நிபுணர் மூவரும் கொண்ட 'உயர்மட்டக் குழு' எதோரோவின் தேர்தல் அலுவலகத்தில் கூடியது.

"ஊழல்?" என்றார் எதோரோ ஆசையாக.

"பதவியே இல்லையே. ஜனங்க நம்ப மாட்டாங்க."

"பொம்பள சகவாசம்?"

"அதையும் நம்ப மாட்டாங்க" என்றாள் நார்சிசா. "குறட்டைன்னு எழுதுங்க. நான் சாட்சி சொல்றேன்."

"தூங்கும் தலைவர்னு அர்த்தமாயிடும் மேடம்."

மதியச் சாப்பாடு ஆறியது. கடைசியில் டாக்டரே ஒரு 'நேர்மறைக் குற்றம்' கண்டுபிடித்தார். 'அளவு மீறிய பண்பாடு' என்ற அட்டையோடு, புன்னகை தவழும் பொம்மை அலுவலக வாசலில் நிறுத்தப்பட்டது.

அன்று சாயங்காலமே எங்கிருந்தோ பறந்து வந்த ஒரு வாணம் பண்பாட்டின் வயிற்றில் பாய்ந்தது. பொம்மை வெடித்தது. தீ பேனரைப் பிடித்து, பேனரிலிருந்து கூரைக்கு ஏறியது. ஊரே திரண்டது. தீயணைப்பு வண்டி ஊளையிட்டுக்கொண்டு வந்து நின்றது. வீரர்கள் குழாயை நீட்டினார்கள். குழாய் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது. அவ்வளவுதான்.

உள்ளூர் வானொலிக்காரர் எதோரோவின் வாயருகே மைக்கை நீட்டினார். கூட்டம் காத்திருந்தது. நான்கு வருஷமாக அவர் சொல்ல நினைத்தது, கண்ணெதிரே சொட்டுத் தண்ணீர் இல்லாமல் எரிந்துகொண்டிருந்தது. டாக்டர் அவர் முழங்கையைப் பிடித்தார்.

"என் ஆபீஸ் எரியுது டாக்டர்."

"ஒளிர்கிறது" என்று திருத்தினார் டாக்டர்.

எதோரோ மைக்கின் பக்கம் திரும்பினார். "தீயணைப்பு வண்டி சொன்ன உடனே வந்துடுச்சு" என்றார் மைக்கில். "வீரர்கள் சீருடை எவ்வளவு நேர்த்தி பாருங்க. குழாயில காத்து நல்ல வேகமா வருது. நம்ம ஊர் நல்லா இருக்கு. இன்னும் நல்லா இருக்கும்."

கூரை விழுந்தது.

மறுவாரம் ஊர் முழுக்க மேயரின் புதிய சுவரொட்டி: 'நம்ம ஊர் நல்லா இருக்கு. சொன்னவர் யார்? எதோரோ மொரெய்ரா!' மேயரே கடைக்கு வந்து அவரைக் கட்டிக்கொண்டார்.

"எனக்காக இப்படிப் பேச ஒரு ஆள் நாலு வருஷமாத் தேடினேன் தம்பி. கிடைக்கவே இல்லை."

பிப்ரவரியில் மேயர் செதெஞ்யோ அமோகமாக ஜெயித்தார். டாக்டர் ரெனான், "வேட்பாளர் மீது எவருக்கும் துளி வெறுப்பு இல்லை. இது ஒரு சாதனை" என்று அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் பஸ் ஏறினார்.

எதோரோ வீட்டுக்கு வந்தார். வாசலில் நார்சிசா காலிக் குடத்தோடு டேங்கர் லாரிக்காக நின்றுகொண்டிருந்தாள்.

"நீயாவது எனக்கு ஓட்டுப் போட்டியா?"

"இல்லை. செதெஞ்யோவுக்குத்தான் போட்டேன்."

"தண்ணி தராதவனுக்கா?"

"அவன் தண்ணியை மட்டும்தான் இல்லாம பண்ணான்" என்றாள் நார்சிசா, குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு. "நீ தாகமே இல்லைன்னுட்டே."