ஐந்தரை அடி கேட்டும் ஐந்தடி முதலாளியும்

கிள்ளானிலிருந்து பந்திங் வரைக்கும் நான் செய்த கேட் இல்லாத தாமான் (குடியிருப்புக்கு எங்கள் ஊர்ப் பேர்) கிடையாது. தற்பெருமை என்று நினைப்பவர்கள் காரை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று போய் வரலாம். மேலே வேல் முனை வைத்த கேட்டெல்லாம் என்னுடையது. அப்படிப்பட்ட நான் ஒரு சனிக்கிழமை காலை, அறுபது பேர் பார்த்திருக்க, நான் செய்த கேட்டிலேயே சட்டை மாட்டித் தொங்கினேன். மற்றவர்கள் இந்தக் கதையைக் கண்டபடி சொல்லித் திரிவதால், சரியாகச் சொல்ல வேண்டிய பொறுப்பு எனக்கு வந்துவிட்டது.

கேரித் தீவு எஸ்டேட் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரைக்கும் உட்கார்ந்தவன் நான். (படித்தேன் என்று எழுதினால் வாத்தியாரின் ஆவியே எழுந்து வந்து மறுக்கும்.) பிறகு பண்டமாரானில் ஒரு சீன முதலாளியின், எங்கள் பேச்சில் தவுக்கேயின், பட்டறையில் இரும்பு தூக்கி, வெல்டிங் பழகி, அதே வரிசையில் என் பெயரில் பட்டறை போட்டேன். அறுபது வயதில் பங்களா கட்டினேன். கொல்லைப்பக்கம் தோட்டம் போடலாம் என்றார் என்ஜினியர். நான் நீச்சல் குளம் கேட்டேன். எனக்கு நீச்சல் தெரியாது, அது வேறு விஷயம். எஸ்டேட்டில் பொதுக் குழாயடியில் வரிசையில் நின்று குளித்தவன் வீட்டில், அவனுக்கென்று ஒரு குளம் நிறைய நீலத் தண்ணீர். அதைப் பார்த்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தால் போதும் எனக்கு.

குளத்துக்குத் திறப்பு விழாவும் வைத்தேன். புது லோரிக்குச் செய்வது போலவே நாலு மூலைக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்தேன். (உள்ளே போட்ட குங்குமம் தண்ணீரில் கலந்து, குளம் மூன்று நாள் ரோஸ் சிராப் மாதிரி இருந்தது.)

எல்லாரும் வந்து வாயைப் பிளந்தார்கள், என் மகள் தேவியைத் தவிர. அவள் அம்பாங்கில் இருக்கிறாள். குழந்தைகள் வார்டில் நர்ஸ். அவள் மகள் யாழினிக்கு அப்போது மூன்றரை வயது. வந்தால் தேவி பிள்ளையின் கையை விடவே மாட்டாள். காப்பியைக்கூட நின்றபடியே குடித்துவிட்டு, அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுவாள்.

"அப்பா, வேலி போடுங்க. போடுற வரைக்கும் பிள்ளைய இங்க விட மாட்டேன்."

"வேலி போட்டா குளம் எப்படிம்மா தெரியும்? சோபாவுல இருந்து பாத்தா கம்பிதான் தெரியும். ஜெயில் மாதிரி."

"ஊருக்கெல்லாம் கம்பி அடிச்சுக் குடுக்கறீங்க. சொந்த வீட்டுக்கு அடிச்சா ஜெயிலா?"

இப்படிக் குறுக்குக் கேள்வி கேட்கத்தான் அவளைப் படிக்க வைத்தேனா என்று அவள் அம்மாவிடம் கேட்டேன். பாக்கியம் காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஆனால் அதற்குப் பிறகு சனி ஞாயிறில் அவளே அம்பாங்குக்குப் போய்ப் பேத்தியைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தாள். நான் தனியாகக் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் வேறொரு தாமானில் ஒரு குழந்தை வீட்டுக் குளத்தில் விழுந்து, நல்லவேளையாகப் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிக் குதித்துத் தூக்கினார். அதன் பிறகு, வீட்டு நீச்சல் குளங்களுக்கு விதி கொண்டுவரலாமா என்று நகராண்மைக் கழகத்தில் பேச்சு எழுந்தது. நாலடி வேலி, தானாக மூடிக்கொள்ளும் கேட், குழந்தைக்கு எட்டாத கொக்கி. ஆதரவாகவும் எதிராகவும் யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம் என்று அறிவிப்பும் வந்தது. எதிர்ப்புப் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. விதியைத் தோற்கடித்தால் தேவி வாயை அடைத்துவிடலாம்; அவள் வாயை அடைத்துவிட்டால் பேத்தி வீட்டுக்கு வந்துவிடுவாள். இதுதான் என் கணக்கு.

வாயால் பேசுவது என் வழக்கமில்லை. (இதைப் படித்ததும் பாக்கியம் சிரிப்பாள்.) நான் பொருளைக் காட்டிப் பேசுகிறவன். என் திட்டம் இதுதான். விதியில் சொன்னபடி ஒரு கேட் செய்து, லோரியில் ஏற்றி, மண்டபத்தில் நிறுத்தி, யாழினியை விட்டுத் திறக்க வைப்பது. அவள் சாதாரணப் பிள்ளை இல்லை. ஐஸ்பெட்டிக்குப் போட்ட பூட்டைத் திறப்பாள், மிலோ டின்னைத் திறப்பாள், என் கைத்தொலைபேசியின் ரகசிய எண்ணை எனக்கே சொல்லித் தருவாள். ஒரு நிமிடத்தில் திறந்துவிடுவாள், சபை சிரிக்கும், விதி செத்தது.

என் மேஸ்திரி குமார் ஆறடி ஆள். அவனைக் கூப்பிட்டு அளவு சொன்னேன்.

"பாஸ், நாலடி போதும்னுதானே பேப்பர்ல போட்டிருக்கு?"

"நாலடியா? ஆட்டுக்குட்டியா கட்டப் போறோம்? என் பேரு போட்ட கேட் இடுப்பளவு நிக்கிறதா? அஞ்சரை போடு."

குமார் தலையைச் சொறிந்தான். "பாஸ், பிள்ளை திறக்கணும்னுதானே செய்யறோம். ஸ்பிரிங்க கொஞ்சம் லூசா விடவா?"

"லூசா செஞ்ச கேட் ஒன்னு என் பட்டறையிலிருந்து வெளிய போயிருக்கா?"

மூளை உள்ள எவனும் அந்த இடத்தில் நிறுத்தி யோசித்திருப்பான். நான் வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். கம்பிக்குக் கம்பி குழந்தையின் கை நுழையாத இடைவெளி. கால் வைத்து ஏற ஒரு குறுக்குக் கம்பி கிடையாது. கொக்கியின் குமிழை உள்பக்கம், உச்சியிலிருந்து ஒரு சாண் கீழே வைத்து, சுற்றிலும் தகடு அடைத்தேன். வெளியே நிற்பவர் மேலே கையைப் போட்டு, உள்ளே இறக்கி, குமிழை இழுக்க வேண்டும். மேலே என் அடையாளமான வேல் முனைகள். நடுவில் என் பெயர்ப்பலகை. குமார் திறந்து மூடிப் பார்த்தான். நான் பார்க்கவில்லை. நாற்பது வருஷமாகச் சோதிப்பது குமார்தான்.

ஒரு உண்மையை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். சப்பாத்தோடு சேர்த்து நான் ஐந்தடி. பாக்கியம் ஐந்தடி ஏழங்குலம். எங்கள் கல்யாணப் படத்தில் அவள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள், நான் பக்கத்தில் கம்பீரமாக நிற்பேன். காரணம் இப்போது புரிந்திருக்கும்.

கூட்டம் நடந்த சனிக்கிழமை காலை தேவிக்கு வேலை. "நான் பேசறதப் பாக்க வா, பிள்ளையையும் கூட்டிட்டு வா," என்று பாக்கியத்திடம் சொல்லியிருந்தேன். அவள் அம்பாங்கிலிருந்து பேத்தியோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்தாள். மண்டபம் நிறைந்திருந்தது. தலைமை தாங்கியவர் ஒரு மலாய் அம்மையார். கண்ணாடிக்கு மேலால் பார்த்துப் பேசுகிறவர். ஆதரவுக்காரர்கள் தாளைப் பார்த்து வாசித்தார்கள். என் முறை வந்தது. குமாரும் இன்னும் மூன்று பேரும் கேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தபோது சபையே எழுந்து நின்றது. மூன்று பக்கமும் கூடவே கொண்டுவந்த வேலி, முன்னால் கேட், ஒரு கூண்டு மாதிரி நிறுத்தினோம். கார்ட்டூன் ஓடும் என் கைத்தொலைபேசியை நான் உள்ளே தரையில் வைத்தேன். குமார் விட்டதும் கேட் தானாக வந்து மூடிக்கொண்டது. 'க்ளிக்.' அந்தச் சத்தம் இருக்கிறதே, தங்கம்!

அப்போது வெளியே யாரோ, நம் லோரி ஒருவருடைய காரை மறித்து நிற்கிறது என்று சொன்னதால், குமாரும் ஆட்களும் ஓடிவிட்டார்கள்.

நான் மைக்கைப் பிடித்தேன். என் பாசார் மலாயில், அதாவது கடைத்தெரு மலாயில், அம்மையாரிடம் சொன்னேன்: "புவான், இதுதான் உங்கள் விதி. இந்தப் பிள்ளைக்கு மூன்றரை வயது. இப்போது பாருங்கள்."

யாழினி கேட்டுக்கு முன்னால் வந்து நின்றாள். ஆட்டினாள். குனிந்து அடியில் விரல் விட்டாள். கீல் பக்கம் போய்த் தட்டிப் பார்த்தாள். தரையில் படுத்துக் காலால் உதைத்தாள். உள்ளே கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் எழுந்து, பாவாடையைத் தட்டிக்கொண்டு, சபைக்கே கேட்கும்படி சொன்னாள்:

"தாத்தா, முடியாதுலா. ரொம்பக் கெட்டி."

பிறகு பாட்டியிடம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

சிரிப்பு எழுந்தது. நான் விடவில்லை. "பிள்ளை காலையில் சாப்பிடவில்லை, புவான். இதை யாரும் சுலபமாகத் திறக்கலாம்," என்று சொல்லிக் கையை மேலே போட்டேன். விரல் உச்சியைத் தாண்டியது. குமிழ் கிடைக்கவில்லை. நுனிக்காலில் நின்றேன். இல்லை. குதித்தேன். இரண்டாம் தடவை குதித்தேன். அப்போதுதான் உள்ளே கைத்தொலைபேசி மணி அடித்தது. முருகன் பாட்டு, முழுச் சத்தத்தில். சபை மரியாதையாகக் கேட்டது. மூன்றாம் தடவை குதித்தபோது சட்டைக்கை வேல் முனையில் மாட்டிக்கொண்டது. என் வேல் முனை வளையாது. சட்டையும் நல்ல துணி. நான் கட்டைவிரல் நுனியில், ஒரு கையைத் தூக்கியபடி, தேர்தலில் ஜெயித்தவன் போல நின்றேன்.

"பாக்சிக்," என்றார் தலைவர் அம்மையார், மாமா என்று அழைக்கும் தோரணையில். "நீங்கள் விதிக்கு எதிர்ப்பா, ஆதரவா?"

நான் பதில் யோசிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து பாக்கியம் நடந்து வந்தாள். ஒன்றும் பேசாமல் என் சட்டையை விடுவித்தாள். கையை மேலே போட்டாள், உள்ளே இறக்கினாள், குமிழை இழுத்தாள். கேட் திறந்தது. குனிந்து கைத்தொலைபேசியை எடுத்தாள். தேவிதான். பாக்கியத்துக்கு எப்போதும் ஸ்பீக்கரில் பேசித்தான் பழக்கம். பக்கத்தில் என் கையில் மைக் இருந்ததை அவள் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

"அம்மா, பிள்ளை எங்க? ஏன் உங்க போன எடுக்கல?"

"இங்கதான் இருக்கா. அப்பா கேட்டுல மாட்டிக்கிட்டாரு. ஒன்னுமில்ல."

"என்னா கேட்?"

"குளத்துக்குப் போடற கேட். அப்பா செஞ்சது. யாழினி படுத்து உருண்டு பாத்தா, தெறக்க முடியல. அப்பாவாலயே முடியல."

தேவியின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"அந்தக் கேட்ட நம்ம வீட்டுல போட்டா, இந்த வாரமே பிள்ளைய விடறேன்னு சொல்லுங்கம்மா."

மண்டபத்தில் தமிழ் புரிந்தவர்கள் முதலில் கை தட்டினார்கள். புரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள், அவர்களும் தட்டினார்கள். நான் மைக்கை வாய்க்குக் கொண்டுவந்தேன்.

"ஆதரவு, புவான். காலையிலிருந்தே ஆதரவு."

(எதிர்ப்புப் பட்டியலில் முதல் ஆளாகப் பதிந்து, ஆதரவாளர்களில் கடைசி ஆளாகப் பேசியவன் கிள்ளான் சரித்திரத்தில் நான் ஒருவன்தான் இருப்பேன்.) அம்மையார் கூண்டைச் சுற்றி வந்து, தானும் ஒரு முறை ஆட்டிப் பார்த்துவிட்டு, வேல் முனை மட்டும் ஆபத்து, எடுத்துவிடுங்கள் என்றார். வாழ்க்கையில் நான் விட்டுக்கொடுத்தது அந்த வேல் முனையைத்தான்.

விதி சில மாதங்களில் நிறைவேறியது. ஆனால் என் வீட்டு வேலி அடுத்த வெள்ளிக்கிழமையே நின்றுவிட்டது. சனிக்கிழமை தேவி வந்தாள். கேட்டை நாலு தடவை ஆட்டினாள். பிறகு உள்ளே போய் என் சோபாவில் உட்கார்ந்து காப்பி குடித்தாள். உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். இரண்டு மணி நேரம்! என் மகள் என் வீட்டில் தூங்கி நான் பார்த்து எத்தனை வருஷம். குளம் கம்பிக்குப் பின்னால்தான் தெரிந்தது. கம்பிகளும் அழகாகத்தான் இருந்தன, செய்தவன் கை அப்படி.

மண்டபத்தில் பார்த்தவர்கள் வழியாக, இப்போது குளத்து வேலி என்றாலே பண்டமாரான் பட்டறையைத்தான் தேடி வருகிறார்கள். வருகிறவர்கள் முதலில் கேட்பது, "அங்கிள், நீங்களே திறக்க முடியாத கேட் அதுதானே?" ஆமாம் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறேன். இதைவிடப் பெரிய விளம்பரம் எவனுக்குக் கிடைக்கும்?

குமிழை ஒரு சாண் மேலே ஏற்றித் தருவதாகக் குமார் சொன்னான். நான் விடவில்லை. இன்றைக்கும் என் சொந்தக் குளத்தில் கால் நனைக்க வேண்டுமானால் பாக்கியத்தைத்தான் கூப்பிட வேண்டும். அவளும் அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பாள்: "முதலாளிக்குக் கதவு தெறக்கணுமா?" தீபாவளிக்கு வரும் உறவினர்கள் ஆளுக்கொரு பிளாஸ்டிக் ஸ்டூல் பரிசாகக் கொண்டுவருகிறார்கள். இதுவரை ஏழு சேர்ந்திருக்கின்றன.

யாழினி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், நீச்சலும் பழகுகிறாள். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கேட் தூணில் அவளை நிறுத்தி, சுண்ணாம்புக்கட்டியால் உயரம் குறிக்கிறோம். பாட்டியின் வார்ப்பு அவள்; வருஷத்துக்கு மூன்று விரல் ஏறுகிறாள். போன பிறந்தநாளில் கோட்டைத் திரும்பிப் பார்த்தாள், குமிழைப் பார்த்தாள், பிறகு என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள்.

"கவலப்படாதீங்க தாத்தா. எனக்கு எட்டின அன்னிக்கு உங்களுக்கு நானே தெறந்து விடறேன்."