தறி நின்றதும் புகைந்த டி.வி. கேம்

நான் கழற்றிய பொருளைத் திரும்ப மாட்டும்போது குறைந்தது ஒரு ஸ்க்ரூவாவது மிஞ்சாமல் இருந்ததில்லை. இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. மிஞ்சியவற்றை ஓர் ஊறுகாய் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறேன். முக்கால் பாட்டில் தேறும். அந்தப் பொருட்களில் பெரும்பாலானவை அதற்குப் பிறகும் ஓடின. ஆகவே, தயாரித்தவர்கள்தான் தேவைக்கு அதிகமாக ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள் என்பது என் கட்சி. (என் மனைவியின் கட்சி வேறு.)

எண்பதுகளின் நடுவில் எனக்கு இருபத்தேழு வயது. சங்கரன்கோவிலில் ஓர் அரசாங்க ஆபீஸில் கிளார்க். பகலில் ஃபைல் கட்டுவேன். சாயங்காலமானால், தபால் வழியில் படித்த ரேடியோ மெக்கானிசத்தை அக்கம்பக்கத்து ரேடியோக்களின் மேல் பிரயோகிப்பேன். எங்கள் தெருவில் சால்டரிங் அயர்ன் வைத்திருந்த ஒரே ஆள் நான்தான். அந்த ஒரு தகுதியை வைத்துக்கொண்டு நான் நடந்த நடையைப் பார்த்தவர்கள், நேற்றுதான் ராக்கெட் விட்டுவிட்டு வந்திருக்கிறான் என்று நினைத்திருப்பார்கள்.

என் அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். ஒரு லீவில் வந்தபோது டி.வி.யும், அதில் செருகி விளையாடும் ஒரு கறுப்புப் பெட்டியும் கொண்டுவந்தார். பெட்டியில் இரண்டு திருகு குமிழ்கள். வயிற்றில் ஆறு பேட்டரி செல். திரையில் இரண்டு கோடு, ஒரு வெள்ளைப் புள்ளி. புள்ளி கோட்டில் பட்டால் ‘டொக்’ என்று சத்தம். அவ்வளவுதான் விளையாட்டு. எங்கள் டி.வி.யில் எப்போதாவது இலங்கை நிகழ்ச்சி தெரியும். மற்ற நேரமெல்லாம் உளுந்தைக் கொட்டிவிட்ட மாதிரி புள்ளிமயம். ஆயிரக்கணக்கான புள்ளிகளைப் பார்த்துச் சலித்த எங்களுக்கு, சொன்ன பேச்சைக் கேட்கிற ஒரே ஒரு புள்ளி பெரிய அதிசயமாக இருந்தது.

அதற்கடுத்த லீவில் அத்தான் புது மாடல் கொண்டுவந்தார். இதில் கேசட் செருக வேண்டும். ஆட்டுகிற கம்பி ஒன்று. திரையில் விமானம் பறக்கும், குண்டு போடும். நான் பழைய பெட்டியை அன்றைக்கே கைகழுவிவிட்டேன். அம்மா அதை அடுக்களையில், ஆடிக்கொண்டிருந்த அரிசி டின்னுக்கு முட்டாக வைத்தாள். “புது மாடல்னா புது மாடல்தான். இதுல ரிப்பேருங்கற பேச்சே கெடையாது” என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்தேன். சொன்ன மூன்றாம் நாள் அது ஓடவில்லை.

அது மெஷினின் குற்றமில்லை, எங்கள் தெருவின் குணம். எங்கள் சுவரை ஒட்டியே சங்கரலிங்கம் அண்ணாச்சியின் விசைத்தறிக் கூடம். தெரு முழுக்க அப்படிக் கூடங்கள். இரவும் பகலும் தறிகள் ஓடும். ஓடுகிற தறிகள் கரண்டை எல்லாம் குடித்துவிடும். வீடுகளுக்கு இருநூற்று முப்பது வோல்ட் வரவேண்டிய இடத்தில் நூற்று அறுபது வந்தால் அன்றைக்கு நல்ல நாள். டி.வி.க்கு ஸ்டெபிலைசர் இருந்தது. ஆனால் அதில் டி.வி.யைத் தவிர எதைச் செருகினாலும் அப்பா விடமாட்டார். ஸ்டெபிலைசரில் கொஞ்சம் கரண்டு சேமிப்பில் இருக்கிறதென்றும், வேறு எதையாவது செருகினால் அது தீர்ந்துபோகுமென்றும் அவர் நம்பினார்.

நானா விடுவேன்? புது மாடலுக்குக் கரண்டைக் குறைத்துக் கொடுக்கிற எலிமினேட்டர் என்ற சின்னப் பெட்டியைப் பிரித்தேன். உள்ளே இருந்த செம்புக் கம்பிச் சுருளில் மூன்றில் ஒரு பங்குச் சுற்றைக் குறைத்தேன். நூற்று அறுபது வோல்ட்டிலேயே மெஷினுக்குத் தேவையானது கிடைத்துவிட்டது. விமானம் பறந்தது. சிங்கப்பூர்க்காரனுக்குத் தோன்றாத யோசனை சங்கரன்கோவில்காரனுக்குத் தோன்றிவிட்டதே என்று ஒரு வாரம் எனக்குத் தூக்கம் வரவில்லை. (ஸ்க்ரூ ஒன்று மிஞ்சியது.)

இந்தச் சமயத்தில்தான் வாசுதேவநல்லூரில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெயர் கோமதி. குளத்துப் பாசனத்தில் நெல் போடுகிற குடும்பம். நாங்கள் போயிருந்தபோது அவர்கள் வீட்டு ரேடியோ கரகரவென்று இருந்தது. யாரும் கேட்காமலே நான் அதைப் பிரித்து, துடைத்து, பாட வைத்துவிட்டேன். எல்லோரும் என்னையே பார்க்க, நான் கூரையைப் பார்த்தேன். கோமதி காப்பித் தட்டோடு வந்தாள். என் டம்ளர் பக்கத்தில், தட்டில் ஒரு ஸ்க்ரூ இருந்தது.

“இது கீழ கெடந்துச்சு” என்று மெல்லச் சொன்னாள். முகத்தில் சிரிப்பில்லை; கண்ணில் இருந்தது. கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் முடிவு செய்ய வேண்டியது நானில்லையே. “மாப்ள வீட்டப் பாத்துட்டுச் சொல்லுதோம்” என்றார் கோமதியின் அப்பா. அவரும் பொம்மை மாதிரிதான். அந்த வீட்டில் கடைசி வார்த்தை அவருடைய அக்கா பேச்சியம்மாள் அத்தையுடையது. அதற்கு முன் வந்த இரண்டு மாப்பிள்ளைகளை அத்தை, வீடு பார்த்த கையோடு வேண்டாமென்று சொல்லிவிட்டாராம். ஒருவர் வீட்டில் கிணற்று வாளிக்குக் கைப்பிடி இல்லையாம். இன்னொருவர் பேச்சில் ‘நான்’ அதிகமாம். இரண்டாவது காரணத்தைக் கேட்டதும் நான் என் ‘நான்’களை எண்ண ஆரம்பித்தேன்.

அவர்கள் வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் நாள் அம்மா ஒரு கவலையைக் கிளப்பினாள். “வயக்காட்டு ஆளுக. இந்தத் தறிச் சத்தத்துல பேசுனது காதுல விழலன்னா, மருவாதி இல்லாத வீடுன்னு நெனச்சுக்கிடுவாக.” நான் நேராக சங்கரலிங்கம் அண்ணாச்சியிடம் போனேன்.

“அண்ணாச்சி, நாளைக்குப் பொண்ணு வீட்டாள்க வாராக. ஒரு மணி நேரம் தறிய நிப்பாட்ட முடியுமா?”

“என்னலே கேள்வி இது? என் தறி மட்டும் நின்னா சத்தம் அடங்கிருமா? தெரு முழுக்கச் சொல்லி நிப்பாட்டுதேன். நீ போய் சட்டையத் தேச்சு வையி.”

சொன்னபடியே செய்தார். ஞாயிறு காலை பத்து மணிக்கு வேன் வந்து நிற்க, தெருவில் ஒவ்வொரு கூடமாகச் சத்தம் அடங்கியது. எங்கள் வீட்டில் சுவர்க்கடிகாரம் ஓடுகிற ஓசையை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். பழக்கதோஷத்தில் அப்பா, “வாங்க, வாங்க” என்று தறிக்கு மேலே கத்துகிற குரலில் வரவேற்றார். வந்தவர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள்.

எச்சரிக்கைகள் இல்லாமலில்லை. எப்போதும் தூங்கி வழியும் எங்கள் மின்விசிறி பறக்கப் பறக்கச் சுற்றியது; காலண்டர் சுவரில் அடித்துக்கொண்டது. மூன்று முறை கண்ணடித்துவிட்டுத்தான் எரியும் டியூப்லைட், தட்டியவுடன் பளிச்சென்று எரிந்தது. “காத்து நல்லா வருதே” என்றார் கோமதியின் அப்பா. எலக்ட்ரானிக்ஸ் படித்த மேதை நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நல்ல சகுனம் என்று நினைத்தேன்.

கேசரி, காப்பி முடிந்ததும் புது மாடலை எடுத்து பெஞ்சில் வைத்தேன். எலிமினேட்டரையும் பக்கத்திலேயே செருகினேன். கோமதியின் அப்பா தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை மடித்து, பெஞ்சில் காலியாக இருந்ததாக அவர் நினைத்த இடத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். அதாவது, எலிமினேட்டரின் தலைமேல்.

“இது சிங்கப்பூர்ல வந்திருக்க புது மாடல்” என்று ஆரம்பித்தேன். “பழசுல ஆயிரம் கோளாறு வரும். இதுல கெட்டுப்போறதுக்கு ஒண்ணுமே கெடையாது. அதுலயும் நம்ம ஊரு கரண்டுக்குத் தக்கன நானே கொஞ்சம் மாத்தி வச்சிருக்கேன்.” அத்தை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை ‘நான்’ வருகிறது என்று எண்ணுகிறாரோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் பேச்சை நிறுத்தும் வழக்கம் எனக்கு அப்போது இல்லை.

சுவிட்சைப் போட்டேன். விமானம் வந்தது. கோமதியின் அப்பா கம்பியைப் பிடித்து ஆட்டினார். விமானம் அவர் சொன்ன பக்கம் போனது. மனிதர் குழந்தையாகிவிட்டார். நாலு விமானத்தைச் சுட்டார். ஐந்தாவதைத் துரத்திக்கொண்டிருந்தபோது அத்தை மூக்கைச் சுளித்தார்.

“தம்பி, எதோ கருகுத மாதிரி இருக்கே.”

அம்மா அடுக்களைக்கு ஓடினாள்.

“ஒண்ணுமில்ல. புது மெஷினு சூடேறுனா இப்படித்தான் வாசம் வரும்” என்றேன். (எந்தப் பாடத்திலும் இது இல்லை.)

அடுத்த கணம் துண்டின் மடிப்புகளுக்குள்ளிருந்து புகை எழுந்தது. உர்ரென்று ஒரு சத்தம், திரை இருண்டது. நான் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினேன். கோமதியின் அப்பா துண்டைத் தூக்க, உருகிய எலிமினேட்டரும் அதில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது. பிய்த்தெடுத்தபோது துண்டின் நடுவில் வடை அளவுக்கு ஓர் ஓட்டை. அந்த ஓட்டை வழியாக அவர் என்னைப் பார்த்தார்.

சுவர்க்கடிகாரத்தின் ஓசை மட்டும் கேட்டது. தறி ஓடியிருந்தால் அந்த மௌனம் யாருக்கும் தெரிந்திருக்காது. முகூர்த்த வேளையில், வீடு பார்க்க வந்த இடத்தில், சம்பந்தியின் துண்டைக் கொளுத்தியாகிவிட்டது. அத்தை மடியிலிருந்த வெற்றிலைப் பையைச் சுருட்டினார். காப்பித் தட்டில் ஸ்க்ரூவோடு நின்ற கோமதி என் கண்ணுக்குள் வந்தாள்.

“கம்பெனிக்காரன் மட்டமான சாமான் போட்டுருக்கான்” என்று முனகினேன்.

அதற்குள் புகை வாசம் பிடித்து சங்கரலிங்கம் அண்ணாச்சி ஓடிவந்தார். கருகிய பெட்டியைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். “அய்யோ, தறிய நிப்பாட்டுனதுல கரண்டு ஏறிட்டுல்லா. எம் மேலதான் தப்பு. அம்மா, நீங்க தப்பா நெனைக்கப்படாது. எல்லாம் என்னால வந்தது” என்று அத்தையிடம் கைகூப்பினார்.

தப்பித்துக்கொள்ள அருமையான வழி. தலையை ஆட்டினால் போதும். ஆனால் எனக்காகத் தெருவையே நிறுத்திய மனிதர் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நிற்பதைப் பார்க்க முடியவில்லை.

“அண்ணாச்சி மேல தப்பில்ல. கம்பெனி மேலயும் இல்ல” என்றேன். “கொறஞ்ச கரண்டுல ஓடணும்னு நாந்தான் உள்ள சுத்தக் கொறச்சேன். தறி நின்னா கரண்டு ஏறும்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். நான் செஞ்ச முட்டாத்தனம்.”

அந்தப் பேச்சிலும் இரண்டு ‘நான்’ வந்துவிட்டது. அத்தை சுருட்டிய பையை மடியில் வைத்தபடியே கேட்டார்: “பழசுன்னு ஒண்ணு சொன்னீகளே, அது எங்க?”

“அடுக்களைல, அரிசி டின்னுக்கு அடியில.”

“எடுத்துட்டு வாங்க.”

கொண்டுவந்தேன். மேலே ஒட்டியிருந்த தவிட்டைத் துடைத்தேன். செல்லுக்கு எங்கே போவது? ரேடியோவிலிருந்து நாலு, அப்பாவின் டார்ச்லைட்டிலிருந்து இரண்டு. சுவிட்சைத் தள்ளினேன். ஏழு மாதம் அரிசி டின்னைச் சுமந்த அந்தப் பெட்டி, ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ‘டொக்’ என்றது.

அத்தை ஒரு குமிழைப் பிடித்தார். தன் தம்பியை அடுத்த குமிழைப் பிடிக்கச் சொன்னார். சின்ன வயதில் இவர்கள் எப்படிச் சண்டை போட்டிருப்பார்கள் என்று அன்றைக்குத் தெரிந்தது. முதல் பத்து புள்ளிவரை அத்தை வெற்றிலையை மெல்லக்கூட இல்லை. பதினைந்துக்கு ஒன்பது என்று தம்பியைத் தோற்கடித்துவிட்டு நிமிர்ந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

“மெஷினு கருகுனது கெடக்கட்டும்” என்றார். “பழி போட ஒரு ஆளு கெடச்சும் இவுக போடலல்லா. நம்ம கோமதிக்கு இது போதும். ஆனா ஒண்ணு. கல்யாணத்தன்னிக்கு மைக் செட்டுப் பக்கம் இவுக போவப்படாது.”

போகவில்லை. என் மாமனார் மட்டும் அந்த ஓட்டைத் துண்டையே துவைத்து, ஓட்டை நன்றாகத் தெரியும்படி தோளில் போட்டுக்கொண்டு மணவறைக்கு வந்தார். கேட்டவர்களுக்கெல்லாம், “மாப்ள போட்ட மொத மருவாதி” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் புது மாடலைப் பிற்பாடு நானே பழுது பார்த்தேன் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். உள்ளே கெட்டுப்போயிருந்த சாமானை மாற்றினேன். விமானம் மறுபடி பறந்தது. மிஞ்சிய இரண்டு ஸ்க்ரூவையும் கோமதிதான் பொறுக்கி பாட்டிலில் போட்டாள்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாராவது அளவுக்கு மீறிப் பெருமை பேச ஆரம்பித்தால், இன்னொருவர் மெதுவாக, “தறி நின்னுட்டு” என்பார். நான் ஆபீஸில் பதவி உயர்வு வாங்கிய அன்றும் சொன்னார்கள். ரிட்டையரான அன்றும் மாலையும் கழுத்துமாக நின்றபோது சொன்னார்கள்.

போன மாதம் பெங்களூரிலிருந்து என் மகள் போன் செய்தாள். வாங்கி இரண்டே மாதமான அவளுடைய விளையாட்டு மெஷின் சூடேறி, விளக்கு மட்டும் மினுக்கிவிட்டு அணைந்துவிட்டதாம். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

“இந்தப் புது மாடலுகளே இப்படித்தான் மக்கா. பழசப் பாரு. ஆறு செல்லப் போட்டா இன்னைக்கும் ஓடும். அதப் பத்திரமா வச்சிருக்கது யாரு? நாந்தான். அந்தக் காலத்துலயே நான்...”

போனில் மகளும், அடுக்களையிலிருந்து கோமதியும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்: “தறி நின்னுட்டு.”

நான் பேச்சை நிறுத்திக்கொண்டேன். டார்ச்சிலும் ரேடியோவிலும் இருந்த செல்களைக் கழற்றி கறுப்புப் பெட்டியில் போட்டு, பரணிலிருந்து இறக்கிய அந்தப் பழைய டி.வி.யில் செருகினேன். போனை டி.வி. பக்கத்தில் பிடித்துக்கொண்டு சுவிட்சைத் தள்ளினேன். டொக், டொக் என்று அது பெங்களூர் வரைக்கும் கேட்டது.