பிளாஸ்திரிக்காரரோடு பெண் பார்க்கப் போனது

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் பிளாஸ்திரிக்காரர் கை படாத முதுகே கிடையாது. மருந்து தடவிய வலி பிளாஸ்திரி விற்கும் கம்பெனி ஆள் அவர். லாட்ஜில் எனக்கும் அவருக்கும் ஒரே அறை. டீக்கடையில் நாலு பேர் சேர்ந்தால் போதும், என் சட்டையைப் பின்னால் தூக்கி, "பாருங்க, ஆபீஸ்ல வேல செய்யற புள்ளயே ஒட்டிக்கினு இருக்குது" என்பார். மானம் கப்பலேறும்.

"மாத்திரையெல்லாம் இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான் தம்பி. நெஞ்சு வலிக்குக்கூட ஒட்டற மருந்து வரப்போவுது. வாய் இன்னாத்துக்கு? சோறு துன்ன" என்பார். நாங்கள் சிரிப்போம். இன்று மருந்துக்கடைகளில் அது விற்கிறது. வெள்ளிமலைக்கு மலையேறும் ஜீப்பில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மட்டும் அன்றைக்கே சிரிக்காமல் ஒரு வலி பிளாஸ்திரியாவது வாங்கிவிட்டுத்தான் இறங்குவார்கள்.

இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வருஷங்கள் அவை. ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் கிடையாது. ஊரே நடந்தது, ஊருக்கே கால் வலித்தது. "மார்க்கெட் வளந்துகினு இருக்குது தம்பி" என்று என் காதோடு சொன்னார். சொன்ன பிறகு அவருக்கே கூச்சமாகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் மூங்கில்துறைப்பட்டில் எனக்குப் பெண் பார்க்க நாள் குறித்திருந்தது. நாள் தள்ளினால் வேறு இடம் பார்த்துவிடுவோம் என்று பெண் வீட்டார் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அப்பா ஊரிலிருந்து வர வழியில்லை. பெரியவர் என்று கூட்டிப்போக இவரை விட்டால் எனக்கு ஆளில்லை. சைக்கிளில் கரும்புக் கொல்லை வழியாகப் போய்ச் சேர்ந்தோம். பிளாஸ்திரிப் பையை வெளியே வைத்துவிட்டு வாருங்கள் என்று அவரைக் கெஞ்சினேன். கேட்டால்தானே?

பெண்ணின் அப்பாவுக்குச் சர்க்கரை ஆலையில் வேலை. அங்கிருந்து நடந்தே வந்திருந்தார். "முட்டி விண்ணு விண்ணுனு தெறிக்குதுங்க" என்று பேச்சுவாக்கில் சொன்னார். நான் தடுப்பதற்குள் அவர் வேட்டி மேலேறியது, முட்டியில் பிளாஸ்திரி ஏறியது.

அதில் மிளகாய்ச் சத்து உண்டு. வியர்வையிலும் முடியிலும் ஒட்டக்கூடாது. ஊருக்கெல்லாம் அதைச் சொல்பவர் சம்பந்தி வீட்டுச் சந்தோஷத்தில் மறந்துவிட்டார். பெண்ணின் அப்பா முகம் சிவந்தது. பிய்த்து இழுத்தார். பாதி முடியோடு வந்தது, மீதி வருவேனா என்றது. பெண் காபித் தட்டோடு வந்து நின்றதும் அப்போதுதான்.

"பொண்ணு பாக்க வந்தீங்களா, தோல உரிக்க வந்தீங்களா?" என்றார் பெண்ணின் அப்பா.

நான் தரையைப் பார்த்தேன். பூமி பிளக்கவில்லை. வாயே மூடாத பிளாஸ்திரிக்காரர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். "தப்பு என்னுதுங்க. தம்பி தங்கமான புள்ள. என்னால அத வேணாம்னு சொல்லிடாதீங்க." குரல் உடைந்துவிட்டது. எனக்கு அதைப் பார்ப்பதுதான் பெரிய அவமானமாக இருந்தது.

பெண் தட்டைக் கீழே வைத்தாள். தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து தடவி மெதுவாக எடுத்தாள். "வலி எப்பிடிப்பா இருக்குது?"

அவர் காலை நீட்டி மடக்கினார். "எரிச்சல்ல வலி எங்க போச்சுன்னே தெரியலம்மா."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

கல்யாணத்தன்று பிளாஸ்திரிக்காரர் உள்ளே வரவில்லை. துவைத்த சட்டையோடு, பை இல்லாமல், வாசல் வாழைமரத்துக்குப் பின்னால் நின்றார். நானே போய்க் கூப்பிட்டேன். "போ தம்பி, யாராவது பாக்கப்போறாங்க" என்றார்.

இரண்டு பக்கச் சொந்தமும் பார்க்க, மாலையும் கழுத்துமாக அவருக்கு முதுகைக் காட்டி நின்று பட்டுச் சட்டையை நானே தூக்கினேன்.

"அண்ணே, முதுகு வலிக்குது. ஒண்ணு ஒட்டுங்க."

சட்டைப் பையில் ஒன்று வைத்திருந்தார். ஒட்டிய பிறகும் கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.