மழை பெய்ததாகக் கருதப்பட்ட கடலைக்கொல்லை

அன்னவாசல் பக்கத்தில் பொன்னுத்தாயின் கடலைக்கொல்லை சருகாய்க் காய்ந்துபோனது. வறட்சி நிவாரணம் வந்தால்தான் அடுத்த விதைப்புக்கு விதைக்கடலை. ஆகவே காய்ந்த செடியொன்றை வேரோடு பிடுங்கிக்கொண்டு, வட்டார மழை உறுதிப்பாட்டு அலுவலர் திருவாளர் பிரசாந்த் அவர்களின் சமூகத்தில் போய் நின்றாள்.

அலுவலர் செடியைப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"உங்க ஊர்ல நல்ல மழை பெஞ்சிருக்கேம்மா!"

"எங்க ஊர்லயா? எங்கிட்ட யாரும் சொல்லலையே சார்!"

"பெஞ்சது கீரனூர்லதான். ஆனா கம்ப்யூட்டர் மேப்பைக் கட்டங்கட்டமாத்தான் பிரிச்சிருக்கு; அதுல கீரனூரும் உங்க ஊரும் ஒரே கட்டம். அங்க பெஞ்சத கட்டம் பூராவுக்கும் பங்கு வச்சிரும்."

"அப்ப கீரனூர்க்காரவுக பிரியாணி தின்னா எனக்கு ஏப்பம் வருமாங்க?"

"மேகம் கட்டத்தவிடச் சின்னதும்மா. கம்ப்யூட்டர் கண்ணுல படாது. அதனால உத்தேசமாப் போடும்."

"இந்தச் செடி ஒங்க கண்ணுல படுதுல்ல?"

அலுவலர் யோசித்தார். "செடியில பிழை இருக்கலாம்" என்றார்.

பொன்னுத்தாய் விடவில்லை. நடையாய் நடந்தாள். கடைசியில் மேலிடம் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்திவிட்டது: இனிமேல் சின்ன மேகங்கள் கணக்கில் கொள்ளப்பட மாட்டா. அந்தப்படிக்கு வட்டாரம் முழுக்க வறட்சி. நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட அலுவலர் ஜீப்பில் வந்து இறங்கினார்.

இறங்கினாரோ இல்லையோ, ஒரு துண்டு மேகம் வந்து கொட்டு கொட்டென்று கொட்டியது.

பொன்னுத்தாய் வானத்தை முறைத்தாள். இத்தனை நாள் கும்பிட்ட மழை, ஒரு கையெழுத்துப் போடுற நேரம் பொறுக்கக் கூடாதா?

அலுவலர் போனைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "வறண்ட வானிலைன்னுதான் போட்டிருக்கு. ஊர்ல என்ன சொல்றீங்க?"

பக்கத்துக் கொல்லை அழகுமலை துண்டைப் பிழிந்துகொண்டே, "மழை..." என்று வாயெடுத்தான். பொன்னுத்தாய் அவன் விலாவில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

"...மழை எங்கிட்டுங்க பேஞ்சுச்சு? வெயிலு மண்டையப் பொளக்குது!" என்று முடித்தான்.

"அப்ப என் சட்டை?"

"வேர்வைங்க சார்" என்றது ஊர் ஒரே குரலில்.

அலுவலர் திருப்தியடைந்தார். காகிதம் நனையாமல் பொன்னுத்தாய் குடை பிடித்தாள்.

"கொடை எதுக்கும்மா?"

"வெயிலுக்குத்தான் சார்."

வறட்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஜீப் கிளம்பவில்லை. சக்கரம் புழுதியில் புதைந்துவிட்டதாக அவரே சொன்னார். முழங்கால் சேற்றில் இறங்கி, ஊரே சேர்ந்து அந்தப் புழுதியிலிருந்து ஜீப்பைத் தள்ளிவிட்டது.