சோபாவில் ஒருத்தி கூடுதல்

"யாரு இவ?"

இருட்டறைக் கதவைத் தையல் டீச்சர் தட்டவில்லை, உதைத்தாள். வீட்டிலிருந்த ஒரே குளியலறைக்குக் கறுப்புத் துணி அடித்து, படம் கழுவும் இருட்டறையாக்கியிருந்தார் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் கணவர். குளிக்கக்கூட அவரிடம் அனுமதி கேட்க வேண்டிய பிழைப்பு. அந்த எரிச்சல் பழசு. இன்றைய கோபம் புதுசு.

வெளியே கொடியில் காய்ந்துகொண்டிருந்த படத்தைப் பிடுங்கி, கதவைத் திறந்தவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவர்கள் வீட்டு ஹால்தான். ஆனால் தரையெல்லாம் கடல். அதில் சோபா மிதக்கிறது. ஒரு ஓரத்தில் டீச்சர். மறு ஓரத்தில், கையில் டீ கப்போடு, காலை மடக்கிச் சாய்ந்து, சொந்த வீடு மாதிரி ஒருத்தி.

"அது கலைடி" என்றார் ஸ்டூடியோக்காரர். "நீயும் ஹாலும் ஒரு நெகட்டிவ். கடல் ஒண்ணு. அந்தப் பொண்ணு ஒண்ணு. மூணையும் ஒரே தாள்ல விழ வச்சேன். அவ ஸ்டூடியோவுக்கு வந்த மாடல். நம்ம வாசப்படிய மிதிச்சதே இல்ல."

"கடல் இருக்கட்டும். அவள எடுங்க."

"அண்ணிக்கு எப்பவும் சந்தேகம்தான்" என்றாள் நாத்தனார், நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டே. டீச்சர் பார்த்த பார்வையில் சாயம் விரலுக்குப் போய்விட்டது.

உள்ளே போனவர் வெகுநேரம் கழித்து வந்தார். படத்தில் அவள் இல்லை. டீ கப் மட்டும் அந்தரத்தில் தொங்கியது.

"இது யாரு குடிக்கறதுக்கு?"

மறுபடி போனார். கப் போனது. ஆனால் மெத்தை அமுங்கியிருந்தது.

"யாருமே உட்காராத இடம் ஏன் குழியா இருக்கு?"

"சோபா பழசு."

"போன மாசம் வாங்கினது!"

மூன்றாம் முறை, குழியின் மேல் ஒரு அலையைத் தூக்கிப் போட்டுப் பூசி மெழுகியிருந்தார். இப்போது பின்சுவரில் ஒரு பெண்ணின் நிழல், கொண்டையோடு.

டீச்சருக்குக் கோபம் தலைக்கேறியது. அதற்கு அடியில் பயம் இருந்தது. அதனால் கோபம் இன்னும் கூடியது. படத்திலிருந்தவள் இந்த வீட்டுக்குள் வந்தாளா, இல்லையா? அது ஒன்று தெரிந்தால் போதும்.

"ஒருத்திய வீட்ட விட்டு அனுப்ப இவ்வளவு நேரமா? அவ போகமாட்டாள்னா என்னை எடுத்துடுங்க! நீங்களும் அவளும் அந்தக் கடலும் நல்லா இருங்க!"

அழுகையையும் தொழிலையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத மனுஷன். அதையும் ஒரு ஆர்டராக எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவள் மூக்கைத் துடைத்து முடிப்பதற்குள் வெளியே வந்துவிட்டார், வாயெல்லாம் பல்.

டீச்சர் இருந்த ஓரம் துடைத்து விட்டது போலிருந்தது. குழி இல்லை, நிழல் இல்லை. மறு ஓரத்தில் மற்றவள் நிம்மதியாகச் சாய்ந்திருந்தாள்.

"பாத்தியா, எவ்வளவு சுத்தமா வந்திருக்கு! உன் நெகட்டிவ மட்டும் எடுத்து ஓரமா வச்சேன். அவ்வளவுதான் வேலை!"

நாத்தனார் நகத்தை ஊதியபடி எட்டிப் பார்த்தாள்.

"அண்ணி போயிட்டாங்க, ஹால் போகலையே! அப்ப ஹாலும் அவளும்தான் ஒரே நெகட்டிவா, அண்ணா?"