மாமாவின் மீசைக்கு வந்த ஆபத்து

கணவாய்க்கு அந்தப் பக்கம் விடுதி நடத்திக்கொண்டு, இந்தப் பக்கத்தையும் வாயாலேயே ஆண்டுவரும் மதிப்பிற்குரிய தாய்மாமா அவர்களுக்கு, மருமகள் பிம்கலா பணிவோடு எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, எருமை எல்லாரும் நலம். உங்கள் மீசையின் நலம் அறிய ஆவல். உங்கள் பக்கத்துக் கைபேசிக் கோபுரம் பனியில் படுத்துவிட்டதால் கடிதம்.

தசைன் பண்டிகை விருந்தில் நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? "பொட்டப்புள்ள வழிகாட்டியா ஆளைக் கூட்டிக்கிட்டு கணவாய் தாண்டி வருவாளா? வந்துட்டா என் மீசையை எடுத்துடறேன்!" சுக்மாயா அக்கா உங்கள் தட்டில் இன்னொரு கரண்டி கறி வைத்தாள். நானாக இருந்தால் மிளகாய் வைத்திருப்பேன்.

இப்போது அக்காவுக்கு வழிகாட்டியாக முதல் பயணம் வாய்த்திருக்கிறது. ஹாலந்துக்காரர் ஹெங்க், அவர் மனைவி மரைக்கா. பயணம் நல்லபடியாக முடிந்தால்தான் பொக்காரா பயண நிறுவன முதலாளி அவளை மறுபடி அனுப்புவார். பாதியில் திரும்பினால் அக்காவுக்கு அடுப்படிதான். நம் வேலி வரை ஒன்றாக வந்தவர்கள், பாதை பிரியும் இடத்தில் தாங்களும் பிரிந்துவிட்டார்கள். அவருக்கு வெந்நீர் ஊற்றுப் பாதை, அந்த அம்மாளுக்குக் கணவாய்ப் பாதை. "எங்க ஊர்ல ஏறி நிக்கணும்னா நாற்காலிதான். இங்க வந்தும் மலை ஏறாமப் போறதா?" என்று அந்த அம்மாள். "என் முட்டி உன் பேச்சைக் கேக்காதே!" என்று ஹெங்க். அப்பாவைக் கேட்டால் இரண்டு பாதைக்கும் ஒரே பதில்: "கொஞ்சம் ஏத்தம், கொஞ்சம் இறக்கம், மத்தபடி சமதளம்." நம் ஆட்களுக்குச் சுவரே சமதளம்தானே! சண்டையைத் தீர்க்கலாமே என்று நான் இருவரிடமும் தனித்தனியாக, "அவங்க உங்க வழிக்கே ஒத்துக்கிட்டாங்க" என்று காதில் போட்டேன். சிரித்துக்கொண்டே மூட்டை கட்டி, வேலியைத் தாண்டியதும் ஒருவர் இடது, ஒருவர் வலது! பிறகு இருவரும் சேர்ந்தே சொன்ன ஒரே வாக்கியம், "ஊருக்கே போறோம்."

அக்கா அலறவில்லை. "உன்னை அப்புறம் வச்சுக்கறேன்டி" என்று மட்டும் சொல்லிவிட்டு, முகம் கழுவ ஹெங்கைக் கல்படி வழியாக ஆற்றுக்கு அழைத்துப் போனாள். அவர் நண்டு மாதிரி பக்கவாட்டில் முனகிக்கொண்டே இறங்கினார், ஏறும்போதோ சீட்டியடித்தார். எல்லாரும் அவர் முகத்தைப் பார்க்க, அக்கா முட்டியையே பார்த்தாள். மரைக்கா அம்மாள் இளகிவிட்டார். "பாவம் மனுஷன், வெந்நீருக்கே போவோம்." அப்படி எங்க அக்கா பயணத்தைக் காப்பாத்திட்டா மாமா! கணவாய்தான் கைநழுவிப் போச்சு. உங்கள் மீசை பிழைத்தது, எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

மாமிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. உங்கள் வாசலில் அடுப்பும் வாய்ப்பேச்சும் என்றும் அணையாதிருக்கட்டும்.

பின்குறிப்பு: இன்று காலை பாதை பிரியும் இடத்தில் அக்கா நின்றுவிட்டாள். "வெந்நீர்ப் பாதை முழுக்கக் கல்படி இறக்கம் சார். உங்க முட்டி இறங்கத்தான் அழுவுது, ஏறும்போது பாடுது. கணவாய்ல மெதுவா ஏறலாம். அந்தப் பக்கம் எங்க மாமா விடுதி வரைக்கும் வளைஞ்சு வளைஞ்சு சாய்வுதான்." ஹெங்கே முதல் ஆளாகக் கணவாய்ப் பக்கம் திரும்பினார்! மூவரும் ஏறிப் போயாச்சு. கடிதம் கொண்டுவரும் கோவேறு கழுதைக்காரர் அவர்களை வழியில் முந்திவிடுவார்; அவருக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருப்பார்கள். அக்கா தட்டில் கறி தாராளமாக விழட்டும். கடிதத்தோடு அப்பாவின் சவரக்கத்தியையும் அனுப்பியிருக்கிறேன். வேலை முடிந்ததும் கழுவித் திருப்பி அனுப்பவும்.