ரவை டீச்சரின் விசில்

கோயமுத்தூரில் ரவை டீச்சர் அளவுக்கு ரவை வாங்கியவரும் கிடையாது, அவர் அளவுக்கு உப்புமாவை வெறுத்தவரும் கிடையாது. அவர் ஹாஸ்டல் நடத்துகிறார் என்றே ஆர்.எஸ்.புரம் மளிகைக் கடைக்காரர் நெடுநாள் நினைத்திருந்தாராம். உண்மைப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. ஆட்டோ ஸ்டாண்டில் 'ரவை டீச்சர் ஊடு' என்றால் போதும், இறக்கிவிட்டு விடுவார்கள்.

என் மகள் மித்ராவுக்கு அப்போது ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. அவள் கதை சொல்ல உட்கார்ந்தால் வந்த விருந்தாளிகள் பஸ்ஸைத் தவறவிடுவார்கள். அதையே எழுதச் சொன்னால் எழுத்துகள் இடம் மாறும், கொம்பு தொலையும், சில வராமலே போய்விடும். நானோ எழுதிப் பிழைக்கிறவன். என் வீட்டில் இப்படியா என்று கௌரவம் தலைக்கேறி, தப்பான வார்த்தையை இருபது தடவை எழுது என்று தினமும் சாயங்காலம் உட்கார வைத்தேன். அவள் இருபது தடவையும் வெவ்வேறு விதமாகத் தப்பு செய்தாள். நோட்டு கண்ணீரில் நனைந்ததுதான் மிச்சம்.

என் மனைவி கல்பனாதான் அவளை டாக்டரிடம் அழைத்துப் போனாள். சோதித்துப் பார்த்தவர், டிஸ்லெக்சியா என்றார். அறிவில் எந்தக் குறையும் இல்லை, எழுத்தையும் ஒலியையும் சேர்த்துப் பிடிப்பதில்தான் சிக்கல், அதற்கென்று சொல்லிக் கொடுத்தால் படிப்பாள் என்று விளக்கி, ரவை டீச்சரின் விலாசத்தை எழுதித் தந்தார்.

கதவைத் திறந்தவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். காட்டன் புடவை, ஸ்போர்ட்ஸ் ஷூ, கழுத்தில் விசில். முன்பு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்தவர், பிறகு இதற்கென்று தனியாகப் படித்துவிட்டு டியூஷனுக்கு வந்தவர். விசில் மட்டும் கூடவே வந்துவிட்டது. அது பிள்ளைகளுக்காக அல்ல என்பது ஒரு நிமிஷத்தில் தெரிந்தது. புள்ள கொஞ்சம் சோம்பேறி என்று நான் ஆரம்பித்ததுமே ஊதிவிட்டார்.

"ஏனுங்க, சோம்பேறின்னு டாக்டர் எழுதிக் குடுத்தாருங்களா?"

இல்லை என்றேன்.

"அப்பறம் நீங்களா ஒண்ணைச் சேத்திப்போடாதீங்க."

என் அக்கா மகன் எப்படிப் படிக்கிறான் தெரியுமா என்று வாயெடுத்தேன். இரண்டாவது விசில். மித்ரா சிரித்துவிட்டாள். படிப்பு என்று சொல்லிக் கூட்டிப்போன இடத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

பெரிய தட்டில் ரவையைப் பரப்பி, ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுத வைப்பார். மொட்டை மாடியில் சாக்பீஸால் ஆள் நீளத்துக்கு ஓர் எழுத்தை வரைந்து அதன்மேல் நடக்கச் சொல்வார். எதிர்வீட்டுக்காரர் இதை ஏதோ பரிகாரம் என்று நம்பி, தன் மகனுக்குக் கல்யாணம் கூடிவர வழி கேட்டு வந்தார். டீச்சர் அவரையும் 'ழ'வின் மேல் மூன்று சுற்று நடக்கவிட்டு அனுப்பினார். அடுத்த மாதமே பெண் அமைந்துவிட்டது. அதற்குப்பின் அந்தத் தெருவில் ரவை டீச்சரை எதிர்த்துப் பேச ஆளில்லை.

ஒரு மாதமாகியும் நோட்டுப் புத்தகத்தை எடுக்கவில்லை. எப்போதுதான் எழுதுவாள் என்று பொறுமையிழந்து கேட்டேன். டீச்சர் என்னை உட்கார வைத்து, மேஜைமேல் ஒரு கண்ணாடியை நிறுத்தி, என் கை எனக்குத் தெரியாதபடி அட்டையால் மறைத்தார். கண்ணாடியில் தெரிவதை மட்டும் பார்த்து என் பெயரை எழுத வேண்டுமாம். மேலே போ என்றால் பேனா கீழே போயிற்று. வளைவு வர வேண்டிய இடத்தில் பல்லி வால் வந்தது.

"வெரசா எழுதுங்க. இத்தன வயசாச்சு, பேரு எழுதத் தெரியலீங்களா?"

சுற்றி ஐந்தாறு பிள்ளைகள் நின்று பார்த்தார்கள். இருபது வருஷமாகப் பத்திரிகைக்கு எழுதுகிறவன், முதல் எழுத்தைத் தாண்ட முடியாமல் வேர்த்து உட்கார்ந்திருந்தேன். மித்ரா மெல்ல என் பக்கத்தில் வந்தாள்.

"மெதுவா எழுதுங்கப்பா. தப்பானாப் பரவால்ல."

இருபது தடவை எழுது என்று உட்கார வைத்த அத்தனை சாயங்காலங்களிலும் இந்த ஒரு வார்த்தையை நான் அவளிடம் சொன்னதில்லை. டீச்சர் அட்டையை எடுத்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரை என் முன்னால் வைத்தார். விசில் ஊதியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

அந்த வருஷக் கடைசியில், வேறு பள்ளி பார்த்துக்கொள்வது நல்லது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். பிரின்சிபாலைப் பார்க்க டீச்சரும் எங்களோடு வந்தார். பதில் தெரிந்தால் எழுத மாட்டாளா என்று பிரின்சிபால் கேட்டதுதான் தாமதம், டீச்சரின் கை தானாக விசிலுக்குப் போய், ஊதியும்விட்டது. வராந்தாவில் போய்க்கொண்டிருந்த இரண்டாம் வகுப்பு முழுவதும் அப்படியே அட்டென்ஷனில் நின்றது.

"மன்னிச்சுக்கோங்க, பழக்கதோசம்," என்று சமாளித்தார். "நீங்க வாய்ல கேளுங்க, அம்மணி வாய்ல சொல்லட்டும். தெரியலைன்னா நானே டி.சி. வாங்கிட்டுப் போறேனுங்க."

பிரின்சிபால் அறிவியல் புத்தகத்தைத் திறந்து, விதைகள் எப்படிப் பரவுகின்றன என்று கேட்டார். காற்று, தண்ணீர், பறவை எல்லாம் சொல்லி முடித்தும் மித்ரா நிற்கவில்லை. காங்கேயத்தில் மாமா தோட்டத்து நாயுருவி விதை என் வேட்டியில் ஒட்டிக்கொண்டு எங்கள் மாடித் தொட்டிவரை வந்து முளைத்த கதையைச் சொன்னாள். பிரின்சிபால் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டரின் சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டு, பரீட்சையில் கேள்வியைப் படித்துக் காட்டவும் கூடுதல் நேரம் கொடுக்கவும் சம்மதித்தார். மித்ரா ஐந்தாம் வகுப்புக்குப் போனாள்.

இப்போது ஏழாவது படிக்கிறாள். மெதுவாகத்தான் வாசிப்பாள், ஆனால் எடுத்த புத்தகத்தை முடிக்காமல் வைக்கமாட்டாள். டீச்சர் போன வருஷம் சொந்த ஊரான ஆனைமலைக்கே போய், அங்கே இதே மாதிரி ஒரு வகுப்பு ஆரம்பித்துவிட்டார். போன வாரம் மித்ரா அவருக்கு ஒரு கடிதம் எழுதி, தபாலில் சேர்க்கச் சொல்லி என்னிடம் நீட்டினாள்.

'அன்புள்ள டீச்சர், இங்க அப்பாவ திட்ட யாறும் இல்ல. எப்ப வருவிங்க?'

ஒரு எழுத்தையும் தொடாமல், அவள் பெயருக்குக் கீழே என் பெயரையும் எழுதி அனுப்பிவிட்டேன்.